விரல் பிரியாத கையுறை

துபாயின் ஜெபல் அலியில் ஒரு குளிர்கிடங்குக்குப் பொருள் வாங்கும் அதிகாரி நான். உள்ளே மைனஸ் இருபது டிகிரி. ஒருமுறை ஆட்களுக்காகப் பனிச்சறுக்குக்குப் போடும் கையுறைகளை வாங்கினேன். நான்கு விரல்களும் ஒரே உறைக்குள் சேர்ந்திருக்கும் வகை. அதில்தான் கதகதப்பு அதிகம். நல்ல காரியம் செய்துவிட்ட பெருமை எனக்கு.

மறுவாரம் உள்ளே போனால், பரமக்குடிக்காரர் செல்வம் வெறுங்கையோடு பெட்டிகளை ஸ்கேன் செய்துகொண்டிருந்தார்.

"குடுத்ததைப் போட மாட்டீங்களா?" என்று கத்தினேன்.

"அதைப் போட்டா ஸ்கேனர் பட்டனை அழுத்த முடியல சார். நீங்களே போட்டுப் பாருங்க" என்று கையுறையை நீட்டினார். அவர் விரல்நுனிகள் வெளுத்து மரத்துப் போயிருந்தன.

மாட்டிப் பார்த்தேன். ஒரு பெட்டியைக்கூட என்னால் ஸ்கேன் செய்ய முடியவில்லை.

"மன்னிச்சிருங்க செல்வம், போட்டுப் பார்க்காம வாங்கிட்டேன்" என்று சொல்லி, அவரை உடனே முதலுதவி அறைக்கு அழைத்துப் போனேன். நல்லவேளை, விரல்களுக்கு ஆபத்தில்லை.

அடுத்து வந்த மாதிரிகளைச் செல்வமே போட்டு, உள்ளே வேலை செய்து பார்த்தார். விரல்கள் தனித்தனியாக, உள்ளங்கை வழுக்காமல், மணிக்கட்டை மூடுகிற நீளத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அதையே வாங்கினோம்.

இப்போதெல்லாம் எதை வாங்கும் முன்னும், அதைப் பயன்படுத்தப் போகிறவரிடம் கேட்டுவிடுகிறேன். என் வேலை எனக்குத் தெரியும் என்று தைரியமாகச் சொல்ல முடிவது அதன் பிறகுதான்.