துக்கம் கழிக்கிற படம்

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் சாவு விழுந்து, கருமாதி முடிந்து, தலை முழுகிக் கறிச்சோறு தின்ற பிறகு, துக்க வீட்டுக்காரர்களைச் சொந்தக்காரர்கள் சினிமாவுக்கு அழைத்துப் போவார்கள். படம் பார்த்துவிட்டு வந்தால் துக்கம் கழிந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கக் கிளம்பிவிடலாம். இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் என் கையில் கிடைத்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பேன்.

என் கணவர் மாரடைப்பில் போய், கருமாதி முடிந்த மறுநாள் காலையிலேயே என் தம்பி ஆரம்பித்துவிட்டான். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் வைக்கிறவன். செடி பிடுங்குகிற நேரத்தில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்திருந்தான்.

"கௌம்புக்கா. போன்லயே டிக்கெட் போட்டுட்டேன். பௌர்ணமிக்கு முன்னாடி போயிட்டு வந்துடலாம். அப்பறம் கிரிவலக் கூட்டத்துல ஆட்டோகூடக் கெடைக்காது."

"எனக்கு வேணாம்டா."

"போன தடவையும் ரெண்டு பேரும் இப்படித்தான் சொன்னீங்க."

போன தடவை என்றது என் மகன் செத்தபோது. ஒரே பையன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேட்டவலம் ரோட்டில் பைக்கில் போனவன் லாரியில் மாட்டிக்கொண்டான். அப்போதும் தம்பிதான் வேன் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். என் கணவர் வாசலைத் தாண்டவில்லை.

"படம் பாத்துட்டு வந்தா அவன் செத்துட்டான்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நான் வரல. இவளும் வர மாட்டா" என்று சொல்லிவிட்டார். பிடித்த வேன் வீணாகக் கூடாதே என்று சொந்தக்காரர்கள் மட்டும் போய்ப் பார்த்துவிட்டுப் பரோட்டா பார்சலோடு திரும்பினார்கள்.

அதோடு எங்களுக்குச் சினிமா விட்டுப்போயிற்று. டி.வி.யில் பாட்டு வந்தாலும் சேனலை மாற்றிவிடுவார். ஆனால் மாதம் தவறாமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடைக்குப் போய், மகனின் போன் நம்பருக்கு ரீசார்ஜ் போட்டுவிட்டு வருவார். விட்டால் அந்த நம்பரை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களாம். போன் என்னவோ பீரோவுக்குள்தான் கிடந்தது. பைத்தியக்காரத்தனம் என்று தம்பி என் காதுபடவே சொல்லியிருக்கிறான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் ரீசார்ஜ் போட்டுவிட்டு வருகிற அன்றைக்குத்தான் எனக்குச் சோறு ஒழுங்காக இறங்கும்.

இந்த முறை வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணைக்கு ஆளில்லை. தம்பி மனைவி புடவையை எடுத்துக் கையில் கொடுத்தாள். கட்டிக்கொண்டு போனேன்.

தியேட்டர் அடையாளமே தெரியாமல் மாறிவிட்டது. மூட்டைப்பூச்சி நாற்காலி போய் மெத்தை நாற்காலி வந்திருந்தது. ஏ.சி. குளிரில் கால் விறைத்தது. தம்பி நாலு பேரிடம் விசாரித்துத்தான் காமெடிப் படமாகப் பிடித்திருந்தான். எந்தப் பாவி அவனுக்குச் சொன்னானோ, படம் ஆரம்பித்ததுமே திரையில் ஒரு பிணம் கிடந்தது. பறை அடிக்கிறார்கள், மாலை போடுகிறார்கள்.

தம்பி மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெளிய போயிடலாமா அண்ணி?" என்றாள். தம்பி தலையில் அடித்துக்கொண்டான்.

"உக்காருங்க" என்றேன்.

திரையில் பிணத்தைத் தூக்கப் போகிற நேரம், கதறிக்கொண்டிருந்த மருமகன் பாடை தடுக்கிப் பிணத்தின் மேலேயே விழுந்தான். எழுந்து பிணத்திடமே மன்னிப்புக் கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகவே சிரித்துவிட்டேன்.

வாயைப் பொத்துவதற்குள் தம்பி பார்த்துவிட்டான். அவன் முகத்தில் அத்தனை நிம்மதி. "அக்கா சிரிச்சிடுச்சு" என்று மனைவியிடம் குனிந்து சொன்னான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. புருஷன் மேல் போட்ட மண்ணின் ஈரம்கூடக் காயவில்லை, இந்த வாய் சிரிக்கிறதே என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது. அதற்குப் பிறகு படத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

வெளியே வந்ததும் தம்பி, "மனசு லேசாச்சாக்கா? நாங்க இப்படியே பஸ் ஏறிடறோம். காலையில ஆளுங்க வயலுக்கு வந்துடுவாங்க" என்றான். அவன் மேல் தப்பில்லை. செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டான். பஸ் கிளம்பும்வரை நின்று கையை ஆட்டினேன்.

அந்த ரீசார்ஜ் கடைக்கு நான் அதற்கு முன் போனதே இல்லை. விசாரித்துக்கொண்டு போனேன்.

"நம்பர் சொல்லுங்கம்மா" என்றார் கடைக்காரர்.

மகனுடையதைச் சொன்னேன். போட்டு முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னொண்ணு இருக்குங்க" என்று என் வீட்டுக்காரருடையதையும் சொன்னேன்.