தையல் பிரிக்காமல் போனவர்

எண்பதுகளில் போடி அரசு ஆஸ்பத்திரியில் நான் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். ஏலத்தோட்டத்தில் மூட்டை சுமந்து ஓய்வுபெற்ற ஒரு மெலிந்த பெரியவர் தினமும் வரிசையில் நிற்பார். தன் முறை வந்ததும் பின்னால் இருப்பவரை முன்னே விட்டுவிடுவார். ஒருநாள் காரணம் கேட்டேன்.

"கொடல் எறங்கிருச்சு அப்பு. வேலைல இருந்தவரைக்கும் எஸ்டேட்டு டாக்டரு பாத்தாரு. இப்ப ஆப்ரேசன்னா குடியிருக்கிற வீடும் போயிருமோன்னு பயமா இருக்கு."

வருமானச் சான்று இருந்தால் செலவில்லை என்று சொல்லி, தாலுகா ஆபீசுக்கு நானே கூட்டிப்போய் வாங்கிக் கொடுத்தேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

"வீட்டுக்கு விடும்போது காசு கேப்பாகளா?" என்று தினமும் கேட்டார்.

"கேக்க மாட்டாக அய்யா."

தையல் பிரிக்க வேண்டிய காலையில் கட்டில் காலியாக இருந்தது. விடியுமுன்பே பின்வாசல் வழியாகப் போய்விட்டாராம். வயிற்றில் தையலோடு எப்படி நடந்தாரோ! அவர் நம்பும்படி நான் வேறென்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.