டியூக் வம்சமும் மர்பி டவுன் அழைப்பிதழும்

காலை ஆறரைக்குக் கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினேன். பெங்களூருக்குத் தொண்ணூறு கிலோமீட்டர். டிக்கெட் நூற்றுப் பத்து ரூபாய். மகள் சுமதி அங்கே மர்பி டவுனில் இருபத்தாறு வருடங்களாக இருக்கிறாள். அவள் வீட்டுக்கு நான் போவது இதுவே முதல் தடவை.

பையில் நான் எழுதிய சிறு நூல் ஒன்று. வரலாற்று ஆசிரியராக இருந்தபோது, ஜெர்மனியின் ஒரு டியூக் குடும்பத்து இளவரசர்களைப் பற்றி எழுதியது. அவர்களில் ஒருவர் ரொட்டிக் கடைக்காரர் மகளை மணந்தார். குடும்பச் சட்டப்படி அவர் பிள்ளைகளுக்கு வம்சப் பெயரும் இல்லை, வாரிசுரிமையும் இல்லை. நான் வரைந்த வம்சாவளியிலும் அவர்களை விட்டுவிட்டேன். கட்டுப்பாடான குடும்பம் என்று பாராட்டியும் இருக்கிறேன்.

சுமதி வேறு சாதியில் மணந்துகொண்டபோது நானும் அதையே செய்தேன். அவள் தம்பியின் கல்யாணப் பத்திரிகையில் உறவினர், நண்பர் என்று நாற்பத்தொரு பெயர்கள் அச்சிட்டேன். அவள் பெயர் இல்லை. ஏன் என்று மனைவி கேட்டாள். இடமில்லை என்றேன். இடம் இருந்தது. மனைவி இப்போது இல்லை.

போன வாரம் பேத்தி யசோதரா தன் கல்யாணப் பத்திரிகையின் ப்ரூஃபைப் போனில் அனுப்பினாள். 'கிருஷ்ணகிரி சோமசுந்தரம் அவர்களின் பேத்தி' என்று என் பெயர். கீழே ஒரு வரி: 'ஞாயிறு பதினொரு மணிக்குள்ள நீங்க நேர்ல வந்து சரின்னு சொன்னா அச்சுக்குப் போகும். இல்லேன்னா பேரை எடுத்துடுவோம்னு அம்மா சொல்றாங்க.'

எட்டே கால். அத்திபெலேயில் வண்டிகள் வரிசையாக நின்றன. பக்கத்து இருக்கை அம்மாள் கேட்டார்: "பொண்ணு வீட்டுக்கா? எத்தன நாளைக்கு ஒருவாட்டி வருவீங்க?"

"இதுதான் முதல் வாட்டி."

"நல்ல அப்பாதான் போங்க!"

ஒன்பதே முக்கால். பொம்மனஹள்ளியில் பஸ் நகரவே இல்லை. இறங்கி ஆட்டோ பிடித்தேன்.

"மர்பி டவுனா? முன்னூறு குடுங்க சார். சண்டேன்னாலும் டிராஃபிக் பேஜாரு."

"பதினொன்றுக்குள் போகணும்."

"கூத்கொள்ளி, உக்காருங்க சார், போயிடலாம்."

பத்து ஐம்பதுக்கு இறங்கினேன். திறந்திருந்த கதவுக்கு மேலே புத்தர் படம். சுமதிக்குத் தலை நரைத்திருந்தது. "வாங்க," என்றாள், அப்பா என்று சொல்லவில்லை. மருமகன் தண்ணீர் கொடுத்து, "உக்காருங்க மாமா," என்றார்.

யசோதரா ப்ரூஃபையும் பேனாவையும் வைத்தாள். நான் பேனாவை எடுக்கவில்லை.

"உன் பேரை நான்தான் விட்டேன், சுமதி. இடம் இருந்தது."

"தெரியும். அந்தப் பத்திரிகைய வாங்கி எண்ணிப் பாத்தேன். நாப்பத்தொண்ணு. பால்காரர் பேருகூட இருந்துச்சு."

யசோதரா என் பையிலிருந்த நூலை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"தாத்தா, ரொட்டிக் கடைக்காரர் பொண்ணோட பசங்க என்ன ஆனாங்க?"

"மூத்த கிளையில் வாரிசு இல்லாமல் போயிற்று. அவர்களைத் தேடிப் போய்க் கூப்பிட்டார்கள்."

"வேணும்னப்ப வந்தாங்களாக்கும்," என்றாள் சுமதி.

"ஆமாம்," என்றேன்.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றாக மூன்று நிமிடம். பேனாவின் மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். 'சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

மாலை நான்கு மணிக்குப் பஸ் ஏற்றிவிட அவளே வந்தாள்.

"நாப்பத்தொரு பத்திரிக எடுத்து வெக்கறேன். ஊர்ல வீடு வீடா நீங்கதான் போய்க் குடுக்கணும்ப்பா."

எங்கள் தெருவில், மருமகன் பெயர் அச்சிட்ட பத்திரிகையோடு, ஒவ்வொரு வாசலிலும் நான் நிற்க வேண்டும். முதலில் யார் வீடு என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அத்திபெலே தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டேன்: பால்காரர் வீடு.