அச்சில் வராத கதைக்குப் பால்கோவா

சில வருஷங்களுக்கு முன்பு, எண்பதுகள் முடியப்போகிற சமயம். மதுரையில் சட்டம் படித்துவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ஒரு சீனியரிடம் நான் ஜூனியராகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. வீடு ராஜபாளையத்தில். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். நடுவில் சீனியரின் கேஸ் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் ஓடுவதும், ‘இன்னொரு நாள் கொடுங்கள் ஐயா’ என்று ஜட்ஜிடம் வாய்தா கேட்பதும்தான் என் வக்கீல் தொழில். ஆனால் என்னைக் கேட்டால் நான் எழுத்தாளர் என்றுதான் சொல்லியிருப்பேன். இரண்டு கதைகள் பத்திரிகையில் வந்திருந்தன. அந்த வயதுக்கு அது போதாதா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எங்கள் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் ஒன்றில் கூடுவோம். அன்று வகுப்பு இல்லை என்பதால் மெஷின்கள் எல்லாம் உறை போட்டுத் தூங்கும். இன்ஸ்டிட்யூட் சார் நகைச்சுவைத் துணுக்குகள் எழுதுவார். ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கும் ஓர் அண்ணன் சோகக் கதைகள் மட்டுமே எழுதுவார். அவர் கதையில் கடைசிப் பக்கம் வரை யாராவது உயிரோடு இருந்தால் அதிசயம். செட்டியார்பட்டியிலிருந்து ஓர் அக்கா வருவார். பேண்டேஜ் துணிக் கம்பெனி ஆபீசில் வேலை. அளந்து பேசுவார், அளந்து எழுதுவார். நான்காவது ஆள், அக்காவைத் தவிர இருந்த ஒரே பெண், நான்.

எங்களுக்குள் ஒரு விதி இருந்தது. முன்பு ஒரு தடவை மில் அண்ணன் டீ குடித்துக்கொண்டே சொன்ன கதையை, அப்போது கூட்டத்தில் இருந்த இன்னொருவர் அடுத்த மாதமே தன் பெயரில் அச்சில் கொண்டுவந்துவிட்டாராம். பெரிய சண்டையாகி அவர் வருவதே நின்றுபோனது. அன்றிலிருந்து யாரும் கதையைச் சொல்லக் கூடாது, கேள்வியை மட்டும்தான் கேட்கலாம். மில்லில் நூல் அறுந்தால் யார் கவனிப்பார்கள், டைப்ரைட்டிங் பரீட்சையில் எப்படிக் காப்பி அடிப்பார்கள், எதை வேண்டுமானாலும் கேட்கலாம். தெரிந்தவர் சொல்ல வேண்டும். எதற்கு என்று திருப்பிக் கேட்கக் கூடாது. இன்னொரு பழக்கமும் உண்டு. யாருடைய கதையாவது அச்சில் வந்தால், அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பால்கோவா வாங்கி வர வேண்டும். பெரும்பாலும் அந்த வேலை என் தலையில்தான் விழும், தினமும் அங்கே போகிற ஆள் என்பதால்.

ஆனி மாத ஞாயிறு ஒன்றில், அக்கா முதல்முறையாக என்னிடம் கேள்வி கேட்டார்.

"ஒரு பொம்பளை, புருஷன் அடிக்கான்னு பிறந்த வீட்டுக்கு வந்துட்டா. சின்னப் பிள்ளையோட. அவ கோர்ட்டுக்குப் போனா பிள்ளையை அப்பன்காரன்ட்ட குடுத்துருவாங்களா?"

எனக்கு ஒரே சந்தோஷம். அதுவரை என்னிடம் கேட்டதெல்லாம் கொலைக் கேஸ்தான். தூக்குத் தண்டனை எழுதினதும் பேனா முள்ளை உடைப்பாங்களாமே, அது நிஜமா என்கிற ரகம். இப்போது நான் படித்தது எனக்கே ஞாபகம் இருக்கிறது என்று காட்ட ஒரு வாய்ப்பு. "பிள்ளைக்கு என்ன வயசு?" என்றேன்.

"நாலு."

"அஞ்சு நிறையாத பிள்ளைன்னா சாதாரணமா அம்மாட்டதான் இருக்கும்க்கா. அம்மா பாத்துக்க மாட்டான்னு அவங்க காட்டினாத்தான் மாத்துவாங்க. ஊர்ல சொல்றதை நம்ப வேண்டாம்." சட்டம், பிரிவு என்று நான் அளந்துகொண்டே போனேன். அக்கா எதையும் குறித்துக்கொள்ளவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் அடுத்த கேள்வி வந்தது.

"கூப்பிடுறவரைக்கும் அவ எங்க உக்காருவா?"

சொன்னேன். வராந்தாவில் பெஞ்ச் உண்டு, இடம் கிடைத்தால்.

"அவன் வந்து பக்கத்துல நின்னா, எந்திரிச்சுப் போகலாமா?"

"போகலாம்."

"பிள்ளையை வெளிய யார்ட்ட விட்டுட்டு உள்ள போவா?"

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மில் அண்ணன் குறுக்கே புகுந்தார். "இந்தா பாரு தாயி, நீ எம்புட்டு விவரம் சேத்தாலும் சரி, கடைசியில பிள்ளையைப் பறிச்சிரு. அவ கோர்ட்டு வாசல்ல வெறுங்கையோட நிக்கா. முற்றும். வாசகன் ஒரு வாரம் சோறு திங்க மாட்டான்."

அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. டம்ளரைப் பிடித்தபடியே குனிந்து இருந்தார். கதை எழுதுகிறவர்கள் ஜட்ஜ் என்ன சொல்வார், கூண்டு எப்படி இருக்கும் என்றுதான் கேட்பார்கள். பெஞ்ச் எங்கே இருக்கிறது, பிள்ளையை எங்கே விடுவது என்று கேட்பவர் அங்கே போக வேண்டியவர். இது எனக்குப் புரிந்த அதே நொடியில் அண்ணனுக்கும் புரிந்துவிட்டது என்பதை அவர் முகத்தில் பார்த்தேன். சார் எழுந்து போய், தேவையே இல்லாமல் ஒரு மெஷினின் உறையைச் சரி செய்தார்.

விதிப்படி நாங்கள் எதற்கு என்று கேட்கக் கூடாது. யாரும் கேட்கவில்லை.

அண்ணன்தான் பேசினார். "வேண்டாம். நான் சொன்னதைத் தள்ளிரு. நம்ம கதையில செத்தவங்க போதும். இவ ஜெயிக்கட்டும்." பிறகு எங்களிடம் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். "நான் ஒரு தடவை கூண்டுல நின்னுருக்கேன். கூட வேலை பாத்தவனுக்காகச் சாட்சி சொல்லப் போனேன். எதிர்ல மேனேஜர் இருக்காரு. அவரையே பாத்துட்டு நின்னனா, படபடன்னு வந்துட்டு. கேட்டது ஒண்ணு, நான் சொன்னது ஒண்ணு. அவனுக்கு வேலை போயிட்டு. அதனால உன் கதாநாயகிட்ட சொல்லு. அவ புருஷன் மூஞ்சியைப் பாக்கப்படாது. அங்க டைப் அடிக்க ஒரு ஆளு இருப்பாங்க. அவிய கையைப் பாத்துப் பேசணும். சத்தம் நின்ன பொறவு அடுத்த வார்த்தை. அம்புட்டுதான்."

நான் சட்டப் புத்தகத்தில் அப்படி ஒரு வரி படித்ததில்லை.

கிளம்பும்போது அக்கா என் பக்கத்தில் வந்து செருப்பு மாட்டினார். "கதையில ஒரு வக்கீல் பொண்ணு வருது. அது காலையில எந்த பஸ்ஸுல போகும்?"

"எட்டரை மணி பஸ். பஸ் ஸ்டாண்ட் பூக்கடைப் பக்கம் அந்தப் பொண்ணு நிக்கும். கதாநாயகி வந்தா, கூடவே கூட்டிட்டுப் போயிரும்."

திங்கட்கிழமை வரவில்லை. செவ்வாய், புதன் வரவில்லை. வியாழக்கிழமை பூக்கடைப் பக்கம் அக்கா நின்றார், இடுப்பில் பிள்ளையோடு. பஸ்ஸிலும் அவர் கதையாகவே சொன்னார், பிள்ளை ஜன்னலுக்கு வெளியே மாடுகளைப் பார்த்துக்கொண்டிருக்க. "கதாநாயகிக்கு ஒரு அண்ணன். நல்லவன்தான். ஆனா ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் உக்காந்து பேசி முடிச்சுட்டாங்க. ஆண்டாள் கோயில் தேர் முடிஞ்சதும், ஒண்ணு அவ புருஷன் வீட்டுக்குப் போகணும். இல்லன்னா பிள்ளையை அங்க கொண்டு விட்டுரணும்." ஆடிப்பூரத் தேருக்கு அதிக நாள் இல்லை. நானும் கதைக்குப் பதில் சொல்வதுபோலவே, அதற்கு முன் ஓர் இடைக்கால உத்தரவு வாங்கலாம் என்றேன். உண்மையில் வாங்க முடியுமா என்று எனக்கு நிச்சயமில்லை.

என் சீனியர் சிடுசிடுப்பானவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு அக்காவை நிமிர்ந்து பார்த்தார். "உங்க பேரு என்னம்மா?"

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு தன் பெயரைச் சொன்னார். அந்த அறையில் கதை முடிந்தது அப்போதுதான்.

தேருக்கு முன்பே உத்தரவு வந்துவிட்டது. வழக்கு முடியும்வரை பிள்ளை அம்மாவிடம் இருக்கும். அக்காவின் அண்ணன் சில நாள் பேசாமல் இருந்தார், பிறகு பிள்ளைக்கு மிட்டாய் வாங்கி வந்தார் என்று கேள்விப்பட்டேன். பெரிய வழக்கு அதன்பின் மாதக்கணக்கில் இழுத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மில் அண்ணன், "என்ன, கதை எதுவரைக்கும் வந்துருக்கு?" என்பார். "வாய்தா போட்டுருக்காங்க" என்பார் அக்கா. நான் வாயே திறக்க மாட்டேன். கட்சிக்காரர் விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது என் தொழிலின் விதி. எனக்கா, வாயைக் கட்டிக்கொண்டு இருப்பதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது.

அக்கா கூண்டேற வேண்டிய வாரம் வந்தது. அந்த ஞாயிறு சார் ஒரு மெஷினின் உறையை எடுத்துவிட்டுத் தாளைச் சொருகினார். "கதாநாயகிக்கு வசனம் சரியா வருதான்னு பாத்துருவோம்" என்றார். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "நான்தான் எதிர்க்கட்சி வக்கீல். வில்லன் மாதிரி கேப்பேன், கோவிச்சுக்கப்படாது."

"உனக்கு வேஷமே வேண்டாமேய்யா" என்றார் சார்.

என்ன சொல்ல வேண்டும் என்று அக்காவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நடந்தது அவருக்குத் தெரியும். எப்படி நின்று சொல்வது என்பதைத்தான் பழகினார். அண்ணன் கத்துவார், அக்கா மெஷினையே பார்ப்பார், தட்டும் சத்தம் நிற்கும், அடுத்த வார்த்தை வரும். முதல் தடவை பாதியில் அழுகை வந்துவிட்டது. சார் தட்டுவதை நிறுத்தாமல், தாளில் அ, ஆ, இ, ஈ என்று அடித்துக்கொண்டே இருந்தார், அவர் அழுது முடிக்கிறவரை.

விசாரணை அன்று காலை கோர்ட்டு வாசல் வேப்பமரத்தடியில் சார் நிற்கிறார். "மெஷினுக்கு ரிப்பன் வாங்க வந்தேன்" என்றார். ராஜபாளையத்தில் கிடைக்காத ரிப்பன் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கே விற்கிறது என்று நான் கேட்கவில்லை. பிள்ளை அவர் விரலைப் பிடித்துக்கொண்டது. அண்ணன் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அக்கா மெதுவாகவே பேசினார். டைப் அடிப்பவரின் விரல்களைப் பார்த்தார், சத்தம் நிற்கக் காத்திருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் கேள்விகளை அடுக்கியும் அந்த வேகம் மாறவில்லை. கடைசியில் அவர் ஒரு பழைய பத்திரிகையை உயர்த்திக் காட்டினார்.

"நீங்க பத்திரிகைக்குக் கதை எழுதுறவங்கதானே?"

"ஆமா."

"அப்போ கற்பனை நல்லா வரும். புருஷன் அடிச்சான், பிள்ளையைத் தூக்கி எறிய வந்தான்னு சொல்றதும் அப்படி ஒரு கதைதானே?"

நாங்கள் ஞாயிற்றுக்கிழமை பழகியதில் இந்தக் கேள்வி இல்லை. எழுதுகிற நால்வருக்கு, எழுதுவதையே ஒருவர் குற்றமாக எடுத்து வருவார் என்று தோன்றவே இல்லை. கடைசி பெஞ்சில் அண்ணன் முன்னால் சாய்ந்தார்.

டைப் சத்தம் நின்றது. அக்கா அப்புறமும் கொஞ்சம் காத்திருந்தார்.

"கதையா இருந்தா, இவரை இன்னும் கொஞ்சம் நல்லவராக் காட்டியிருப்பேங்க" என்றார். "அப்பத்தான் படிக்கிறவங்க நம்புவாங்க. நடந்ததுங்கறதால அப்படி மாத்த முடியலை."

ஜட்ஜ் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தி, முதல்முறையாக அக்காவை நேராகப் பார்த்தார். பிறகு அந்த வார்த்தைகளை ஒன்றுகூட விடாமல் டைப் அடிப்பவருக்குச் சொன்னார்.

தீர்ப்பு வர மேலும் சில மாதங்கள் ஆயின. பிள்ளை அம்மாவிடம். மாதம் ஒருமுறை அப்பா வந்து பார்க்கலாம். அதற்கடுத்த ஞாயிறு, அக்கா இன்ஸ்டிட்யூட்டுக்குள் நுழைந்து உறை போட்ட மெஷின் மேல் ஒரு பொட்டலத்தை வைத்தார். பால்கோவா. இன்னும் சூடாக இருந்தது.

எந்தப் பத்திரிகையில் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. சாரும் நானும் ஆளுக்கொரு துண்டு பேப்பரில் எடுத்துக்கொண்டோம். அண்ணன் மட்டும் வாயில் போட்டுக்கொண்டே, "நல்ல முடிவு. நானா இருந்தா இப்படி எழுதியிருக்க மாட்டேன்" என்றார். அக்கா அத்தனை நாளில் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

இதைக் கதையாக எழுத எனக்குக் கை எப்படிப் பரபரத்தது தெரியுமா? எழுதவில்லை. அது அவருடையது. இப்போது இந்தப் பத்திரிகையின் வாசகர் அனுபவப் பகுதிக்கு அனுப்பலாமா என்று கேட்டபோது, அக்கா யோசித்துவிட்டு, "எழுது ஏட்டி. பேரு போடாத, பால்கோவாவை மட்டும் விட்டுராத" என்றார். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் விட்டதும் இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்து சாரின் மெஷினைத் தட்டிப் பார்க்கிறாள்.

எங்கள் கூட்டத்தில் இன்று ஆட்கள் கூடிவிட்டார்கள், கேள்விகளும் கூடிவிட்டன. யார் என்ன கேட்டாலும் நான் இப்போதெல்லாம் கெட்டிக்காரத்தனம் காட்டுவதில்லை. பெஞ்ச் எங்கே இருக்கிறது என்பதிலிருந்து பொறுமையாக, தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்கிறேன். கதைக்குத்தான் என்று நான் சொல்லும் ஒரு பதிலை நம்பி, யாரோ ஒருத்தி நாளைக் காலை பிள்ளையோடு பஸ் ஏறக்கூடும்.