ஆளுக்கு இரண்டு ரின்

புனிதமக்கா செய்த அரச முடியைத் தலையில் வைத்து மேடையேறாத தமிழ்ப் பிள்ளையை அந்த நாளில் கனடாவின் ஸ்காபரோவில் தேடித்தான் பிடிக்க வேண்டும். முழுப்பெயர் புனிதவதி. பகலில் மஃபின் தொழிற்சாலையில் பெட்டி அடைக்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசை முழுக்கக் காட்போட் மட்டை, பசை, கண்ணாடி மணி. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் கலைவிழா, கோயில் விழா என்று யார் கேட்டாலும் முடியும் கதாயுதமும் செய்து கொடுப்பார். ஒரு சதம் வாங்கமாட்டார். காசு என்று வாயெடுத்த ஒருவரோடு அவர் மாதக்கணக்கில் பேசாமல் இருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

நான் அதே மாடியில் பக்கத்து வீடு. மட்டை முடி பொன்முடி ஆவதற்குக் கடைசியில் தங்கநிற ஸ்பிறே பெயின்ற் அடிக்க வேண்டும். அக்கா அதைப் பல்கனியில் வைத்து அடிப்பார். காற்று என் பக்கம் வீசினால் கொடியில் கிடக்கும் என் துவாயும் பொன்னாகிவிடும். அதற்காகச் சண்டை பிடித்திருக்கிறேன். சண்டை பிடித்துக் கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டு மீன் றோல்ஸோடு வந்து கதவைத் தட்டுவார். அதற்குப் பிறகு யாரால் கோபமாக இருக்க முடியும்?

அவருக்கு ஒரே மகன், கீதன். புருஷன் ஷெல் விழுந்து இறந்த பிறகு, மகனைத் தங்கையிடம் விட்டுவிட்டுத் தொண்ணூற்றிரண்டில் தனியாக வந்தவர். நான் சொல்லப்போகும் கதை நடந்தது தொண்ணூற்றாறில். அப்போது கீதன் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டு, கொழும்பில் வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் இருந்தான். பதினெட்டு வயது. ஆமியோ பொலிசோ சுற்றிவளைப்பு என்றால் முதலில் வண்டியில் ஏற்றுவது அந்த வயதுப் பிள்ளைகளைத்தான். ஏற்கெனவே இரண்டு தரம் ஏற்றி, விசாரித்து, விட்டிருந்தார்கள். மூன்றாம் தரமும் விடுவார்கள் என்று யார் சொல்வது? அக்கா அவனைக் கனடாவுக்குக் கூப்பிடும் ஸ்பொன்சர் அலுவல் கடைசிக் கட்டத்தில் நின்றது. மெடிக்கல் முடிந்து, விசா வருவதுதான் மிச்சம்.

ஸ்பொன்சர் செய்தவர் பேரில் ஒரு சின்னப் பொலிஸ் கேஸ் விழுந்தாலும் எல்லாம் கவிழ்ந்துவிடும் என்று யாரோ அக்காவிடம் சொல்லிவிட்டார்கள். அது உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரியாது. அக்காவுக்கு அது வேதவாக்கு. நடுத்தெருவில் ஒரு வாகனமும் இல்லாவிட்டாலும் பச்சை விளக்கு வரும்வரை பனியில் விறைத்துக்கொண்டு நிற்பார்.

அந்த வருஷம் இலை கொட்டும் காலத்தில், நாங்கள் வழக்கமாகப் போகும் பிளாசாவில் இருந்த ஹார்ட்வெயார் கடை, ஸ்பிறே பெயின்ற் அடுக்குக்குக் கம்பிக்கூடு போட்டுப் பூட்டிவிட்டது. பள்ளிக்கூடச் சுவர், பாலத்தடி, கடைக் கதவு என்று ஒன்று விடாமல் பொடியள் பெயின்ற் அடித்துத் திரிந்த காலம் அது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் கிடையாது. மற்றவர்களுக்கு ஆளுக்கு இரண்டு ரின். வேலையாள் வந்து பூட்டைத் திறந்து, எதற்கு என்று கேட்டு, ரின்னைத் தன் கையிலேயே கொண்டுவந்து, காசு கட்டிய பிறகுதான் தருவார். சுவரில் அடிக்கிறவன் சுவரில் அடிக்கத்தான் என்று சொல்லியா வாங்குவான்? அந்தக் கூட்டைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அக்காவுக்கு அது கோபத்தைத் தரவில்லை, பயத்தைத் தந்தது. அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் எனக்குப் போன் வந்தது. கடை முகாமையாளர் பேசினார். புனிதவதி என்ற பெண்ணை மறித்து வைத்திருக்கிறோம், உங்கள் நம்பரைத் தந்தார், ஆங்கிலம் காணாது, வந்து மொழிபெயர்க்க முடியுமா, பொலிசுக்கும் சொல்லியாயிற்று. டொக்டர், பள்ளிக்கூடம், கோர்ட் என்று எங்கள் கட்டிடத்துக்கே சம்பளம் இல்லாத மொழிபெயர்ப்பாளர் நான்தான். வழக்கமாகப் புறுபுறுத்துக்கொண்டு போவேன். அன்றைக்குப் புறுபுறுக்கவில்லை. பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டதும் கீதனின் முகம்தான் முன்னால் வந்தது, படத்தில் மட்டுமே கண்ட முகம்.

கடையின் பின்பக்கத்தில் யன்னல் இல்லாத சின்ன அறை. அக்கா கோட்டைக்கூடக் கழற்றாமல் கதிரை நுனியில் இருந்தார். உதட்டோரத்தில் ஒரு துணுக்குக் கடதாசி ஒட்டியிருந்தது. மேசையில் அவருடைய துணிப்பை, பக்கத்துத் தமிழ்க் கடையில் வாங்கிய லீக்ஸ், ஒரு கட்டு வல்லாரை, அரிசிமாப் பை. அரிசிமாப் பை பிரிக்கப்பட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் மாப் பூசிக்கொண்டு இரண்டு தங்கநிற ரின்.

காவலாளி இளம் ஆள், சொன்னதில் பொய் இல்லை. கடையின் உள்கதவுக்கும் வெளிக்கதவுக்கும் இடையில், பனி அள்ளும் சவள் அடுக்கியிருந்த மூலையில், இந்த அம்மா குந்தியிருந்து மாப் பையைப் பிரித்து ரின்னை உள்ளே தாட்டதைக் கண்டானாம். கிட்டப் போனதும் கையில் இருந்த கடதாசியை வாயில் போட்டு மென்று விழுங்கினாராம். பில் எங்கே என்று கேட்டால் தலையைக் குனிகிறாராம். முகாமையாளர், கண்ணாடி போட்ட ஒரு பெண், போன கிழமை கூடு திறந்து கிடந்த நேரத்தில் யாரோ ரின் தூக்கிக்கொண்டு போனதையும் சொன்னார். காசு வாங்கிய பெண் வேலை முடிந்து போய்விட்டாளாம். கூட்டைத் திறக்கிற வின்சன்ற் சாப்பிடப் போய்விட்டாராம்.

நான் அக்காவுக்குப் பக்கத்தில் குந்தி, மெல்லக் கேட்டேன்.

"அக்கா, காசு குடுத்தனீங்களோ?"

"ஓம். குடுக்காமல் எடுப்பனே."

"அப்ப பில் எங்கை?"

"விழுங்கிப்போட்டன்."

எனக்கு அடக்க முடியாத எரிச்சல். பிள்ளையின் விசா தொங்கிக்கொண்டிருக்கிற நேரத்தில் இது என்ன விளையாட்டு என்று கேட்டேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை, காவலாளியின் சட்டையைப் பார்த்தபடி சொன்னார். பூட்டைத் திறந்தார்கள், எண்ணிக் கொடுத்தார்கள், எதற்கு என்று கேட்டார்கள். வெளியே வரும்போது வாசலில் யூனிஃபோமோடு ஒருவன் நிற்கிறான். அதற்குப் பிறகு கை தன்பாட்டில் செய்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எண்பத்தேழிலேயே கனடாவுக்கு வந்துவிட்டவள். பற்றரியும் சோப்பும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் கொண்டுபோக அரசாங்கம் தடை போட்டிருந்த காலம் எனக்குக் கேள்விப்பட்ட கதை மட்டும்தான். அக்கா அந்தக் காலத்தில் வவுனியாவுக்கு வந்து சாமான் வாங்கிப்போனவர். பற்றரியை மாவுக்குள் தாட்டுக் கொண்டுபோக வேண்டும். பில்லை மட்டும் வைத்திருக்கவே கூடாது. பில்லில் ஆறு பற்றரி என்று இருந்தால், ஆறும் அகப்படும்வரை சோதனைச் சென்றியில் நிற்கும் ஆமிக்காரன் மூட்டையைக் கிளறுவான். கீதன் ரேடியோ கேட்பதற்காக அக்கா அப்படிக் கொண்டுபோன பற்றரி எத்தனையோ.

"அங்கை பில் இருந்தாப் பிடிப்பான். இங்கை பில் இல்லாட்டிப் பிடிக்கிறான்" என்றார் அக்கா. சொல்லும்போது அவருக்குக் கோபமோ சிரிப்போ இருக்கவில்லை.

இதை அப்படியே இவர்களுக்குச் சொல்கிறேன் என்று எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். அந்தப் பிடி வலித்தது.

"சொல்லாதை பிள்ளை. கடத்தினவள் எண்டு எழுதுவான். அது கீதன்ரை ஃபைலுக்குப் போகும்."

அந்த நேரம் பார்த்துப் பொலிஸ்காரர் உள்ளே வந்தார். நல்ல உயரம். அறை இன்னும் சின்னதாகிவிட்டது. பேர், பிறந்த திகதி கேட்டுச் சின்னக் கொப்பியில் எழுதினார். அவர் எழுதுகிற ஒவ்வொரு எழுத்துக்கும் அக்காவின் விரல்கள் என் கையில் இறுகின. பிறகு என்னைப் பார்த்து, காசு கொடுத்து வாங்கினவர் ஏன் ஒளிக்க வேண்டும் என்று மரியாதையாகத்தான் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் எனக்குத் தெரியும். சொன்னால் அக்கா என்னை ஆயுளுக்கும் மன்னிக்கமாட்டார். சொல்லாவிட்டால் களவுக் கேஸ்.

கடைசியில் எனக்கு வந்தது மூளை அல்ல, கோபம்தான். முகாமையாளர் பக்கம் திரும்பினேன். கம்பிக்கூடு போட்டது யார், நீங்கள்தானே. திறப்பு யாரிடம் இருக்கிறது, உங்களிடம்தானே. ரின்னைக் காசாளர் மேசைவரை கொண்டுவந்து காசு கட்டிய பிறகுதான் கையில் கொடுப்பது என்று சட்டம் போட்டதும் நீங்கள். அப்படியானால் இந்த ரின் கூட்டை விட்டு எப்படி வெளியே வந்தது? இவர் கம்பிக்குள்ளால் நுழைந்து எடுத்தாரா? எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. பொலிஸ்காரர் என்னைக் கையமர்த்திவிட்டு, முகாமையாளரிடம் அதையே கேட்டார். கூடு இன்றைக்கும் திறந்து கிடந்திருக்கலாம் என்றார் அவர். வின்சன்ற் வந்து சொல்லட்டும் என்று முடிவாயிற்று.

காத்திருந்தோம். வின்சன்ற் என்ன சொல்வார்? சனிக்கிழமைக் கூட்டத்தில் அவருக்கு யாரை ஞாபகம் இருக்கும்? எங்கள் எல்லாருடைய முகமும் இவர்களுக்கு ஒன்றுதானே. ஏற்கெனவே ஒரு தரம் கூட்டைத் திறந்தபடி விட்டுப் போனவர் என்ற பெயர் வேறு அவருக்கு இருந்தது. தன்னைக் காப்பாற்ற, தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் போதும். அக்கா கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். பிள்ளையாரைக் கூப்பிட்டிருப்பார்.

வின்சன்ற் வந்தார். ஜமேக்காக்காரர், நரைத்த தாடி, கையில் பாதி குடித்த கோப்பி. கதவில் நின்று மேசையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். யாரும் எதுவும் கேட்க முதல், கோப்பியை வைத்துவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே கொண்டுபோய் விரல்களை விரித்து முடிபோல் வைத்துக் காட்டினார்.

எதற்கு என்று அவர் முதலில் கேட்டபோது, ஆங்கிலத்தில் சொல் வராமல் அக்கா அப்படித்தான் காட்டினாராம். இப்படி ஒரு பதிலை அந்தக் கூட்டுக்குப் பக்கத்தில் யாரும் தனக்குத் தந்ததில்லை என்றார் வின்சன்ற். ரின்னைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தேன், காசு கட்டும்வரை பக்கத்தில் நின்றேன், அந்தப் பிள்ளை பில் அடித்துக் கொடுத்ததையும் கண்டேன் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா அழவில்லை. எனக்கு மட்டும் கேட்கும்படி, அந்தக் கொப்பித் தாளைக் கிழிக்கச் சொல்லு என்றார்.

கேட்டேன். பொலிஸ்காரர் சிரித்தார். களவு நடக்கவில்லை, கேஸ் இல்லை, இது ஒரு இடத்துக்கும் போகாது என்றார். ஆனால் தாளைக் கிழிக்கவில்லை. ஏன் ஒளித்தார் என்று மறுபடியும் கேட்டார். பழக்கம் என்று மட்டும் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்.

முகாமையாளர் உண்மையாகவே வருந்தினார். மன்னிப்புக் கேட்டு, இன்னொரு தங்கநிற ரின்னைச் சும்மா கொண்டுவந்து நீட்டினார். அக்கா கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேண்டாம் எண்டு சொல்லு. ஆளுக்கு ரெண்டுதான்."

கலைவிழாவில் முடிகள் மின்னின. அக்கா பார்க்க வரவில்லை. அந்தப் பனிக்காலம் முழுக்க அவர் தபால்காரனுக்குப் பயந்து வாழ்ந்தார். தபால்பெட்டியைத் திறக்க என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார். விசா பிந்தியது. பிந்தப் பிந்த, அந்தக் கொப்பியில் எழுதின பேர்தான் காரணம் என்று பழியைத் தன் தலையில் தானே போட்டுக்கொண்டார். மேசையில் மட்டையும் இல்லை, பசையும் இல்லை. மாசி மாதம் கொழும்பிலிருந்து போன் வந்தது, கீதனை மூன்றாம் தரம் கொண்டுபோய்விட்டார்கள் என்று. அவனை விடும்வரை அக்கா சோறு தொடவில்லை. நானும் என் வீட்டில் சமைக்கவில்லை. அந்தக் கம்பிக்கூட்டை நான் அப்போது சபித்த சாபம் பலித்திருந்தால் கடை எரிந்திருக்கும்.

ஆனி மாதம் கீதன் வந்து சேர்ந்தான். கொப்பிக்கும் விசாவுக்கும் ஒரு தொடுப்பும் இருக்கவில்லை. வந்த கிழமையே அக்கா மேசையில் மட்டையை விரித்துவிட்டார். பெயின்ற் வாங்க மூவரும் போனோம். கூடு அப்படியே இருந்தது. வின்சன்ற் அக்காவைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் பூட்டைத் திறந்து, தலைக்கு மேலே கையை வைத்துக் காட்டினார். கீதன் தன் வாக்மனுக்கு இரண்டு பற்றரி எடுத்தான். அக்கா காசு கட்டி, பில்லை வாங்கி, யாரும் கேட்காமலே அதைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி வாசலுக்கு நடந்தார். பிடிபட்ட அந்த நாளிலிருந்து எந்தக் கடையிலும் அப்படித்தான் நடந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

உள்கதவைத் தாண்டினதும் கீதன் யூனிஃபோமைக் கண்டான். அதே காவலாளிதான். கண்மூடித் திறக்கமுதல் தாயின் கையில் இருந்த பில்லைப் பறித்து வாய்க்குள் போட்டுவிட்டான். கண் நேரே பார்த்தபடி இருந்தது. தாடை மெல்ல அசைந்தது.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அக்கா பதறவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, மகனின் தாடையை இரண்டு கையாலும் பிடித்தார்.

"துப்பு ராசா. இங்கை இது வேணும்."

அவன் துப்ப நேரம் எடுத்தது. அக்கா ஈரக் கடதாசியை உள்ளங்கையில் வைத்து விரித்து, சுருக்கம் நீவி, காவலாளிக்கு நேரே நீட்டினார். அவன் அதை வாசிக்கவில்லை. கீதனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வெளிக்கதவை எங்களுக்காகத் திறந்து பிடித்தான்.