வண்டி வராத மேடு

கோதண்டபாணியின் வீட்டுக்கு வண்டி வரக் கூடாது. மாமனோ மச்சானோ, யாராயிருந்தாலும் தார் ரோட்டிலேயே இறங்கி, செம்மண் பாதையில் அரை கிலோமீட்டர் நடந்துதான் வர வேண்டும். விருத்தாசலத்துக்கு மேற்கே, களிமண் லாரிகளின் இரைச்சல் எட்டாத பாறை மேட்டில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் நில அதிர்வுக் கருவி இருக்கிறது. அவர் அதற்குக் காவலாளி, பக்கத்திலேயே குடியிருப்பு. உலகத் தடையை மீறி எந்த நாடாவது அணுகுண்டு வெடித்துப் பார்த்தால் பூமியின் அதிர்வே காட்டிக்கொடுத்துவிடும். பல ஊர்க் கருவிகளின் பதிவைச் சேர்த்துப் பார்த்தால் வெடித்த இடமும் பிடிபடும். வேலைக்குச் சேர்ந்த அன்று அதிகாரி ஒருவர், வண்டி கிட்டே வந்தால் பதிவு கெட்டுவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். மனிதர் அதையே உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டார்.

சொந்தபந்தம் எத்தனை நாள் நடக்கும்? ஒவ்வொருவராக வருவதை நிறுத்திக்கொண்டார்கள். மனைவியும் கண்மூடிய பிறகு, குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று சொல்லக்கூட ஆளில்லை.

தீபாவளிக்கு மகள் இளமதி சென்னையிலிருந்து கைக்குழந்தையோடு காரில் வந்தாள். பேத்தியை அவர் இன்னும் பார்த்ததில்லை. விடிந்ததிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. தார் ரோட்டிலிருந்து போன் செய்தாள்.

"ஒரே சேறா இருக்குதுப்பா. புள்ளைய தூக்கிக்கிட்டு எப்படி நடக்கறது? வூடு வரைக்கும் வண்டியிலயே வந்துடறோம்."

"வாணாம்மா. அங்கயே இரு, நான் கொடைய எடுத்தாரேன்."

"நாங்க முக்கியமா, அந்த மிஷினு முக்கியமாப்பா?"

குடையை எடுத்துக்கொண்டு ஓடினார். ரோட்டில் கார் இல்லை.

மறுநாள் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து திலீபன் என்ற இன்ஜினீயர் பேசினார். எங்கோ தொலைவில் ஏற்பட்ட அதிர்வு இங்கே தெளிவாகப் பதிவாகியிருந்ததாம், இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்களாம், குண்டு இல்லை, வெறும் நிலநடுக்கம்தானாம். மகளின் காரையே தான் விடவில்லை என்றார் கோதண்டபாணி, கொஞ்சம் பெருமையாகத்தான்.

"காரு வந்தா என்னங்க? அதோட அதிர்வ கம்ப்யூட்டர்லயே பிரிச்சிடுவோம். அந்தக் கட்டுப்பாடெல்லாம் பழைய மிஷினுக்கு. உங்ககிட்ட யாரும் சொல்லலீங்களா?"

யாரும் சொல்லவில்லை. அவரும் யாரையும் கேட்டதில்லை. போனை வைத்துவிட்டு வாய்விட்டு அழுதார். பிறகு மகளைக் கூப்பிட்டு, இனி வாசல் வரைக்கும் வண்டியிலேயே வரலாம் என்றார்.

இளமதி கோபப்படவில்லை. "எங்க வூட்டு வாசலுக்கும் வண்டி வரும்பா. புள்ளைய பாக்கணும்னா நீங்க கெளம்பி வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

வருகிறேன் என்றார். தான் திரும்பி வரும்வரை மேட்டைப் பார்த்துக்கொள்ள யாரைக் கேட்கலாம் என்று உட்கார்ந்து யோசித்தார். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை.