உடைந்த முனையைப் பார்ப்பவர்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து காஞ்சிபுரம் திரும்பும் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண், முன்சீட்டின் உடைந்த கம்பி முனையைச் செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தார். எஃகு வார்க்கும் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. உடைந்த இரும்பைக் கண்டால் விடமாட்டாராம்.

"அதுல என்னம்மா தெரியும்?"

"உருக்கி ஊத்தின இரும்பு எவ்ளோ வேகமா ஆறுச்சுன்னு மைக்ராஸ்கோப்புல தெரியும்க்கா. மெதுவா ஆறினா உள்ள மணி மணியா இருக்கும். சட்டுனு ஆறினா ஊசி ஊசியா. அது கெட்டிதான், ஆனா படக்குனு உடைஞ்சிடும்."

சமீபத்தில் அவருடைய தொழிற்சாலையில் பாரம் தூக்கும் கொக்கி உடைந்து ஒருவர் கால் நசுங்கிவிட்டது. இவர் பார்த்தபோது உள்ளே முழுக்க ஊசிகள். ஆறுவதற்குள் அவசரப்பட்டு வார்ப்பு அச்சைப் பிரித்தவர், அங்கேயே வேலை பார்த்த இவருடைய கணவர்.

"மேலதிகாரிங்ககிட்ட சொல்லிட்டியா?"

"சொன்னேன். அதே நாள்ல வார்த்த மத்த கொக்கிங்க கீழயும் ஆளுங்க நின்னுக்கினு இருந்தாங்களேக்கா. அவரு வேலை போயிடுச்சு. எங்கிட்ட பேசறதே இல்ல."

காஞ்சிபுரத்தில் இறங்கினோம். பைக்கோடு நின்றிருந்த ஒருவர், வாய் திறக்காமல் அந்தப் பெண்ணிடம் ஹெல்மெட்டை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு பின்னால் ஏறினார்.

தினமும் வருவாரா, அன்றுதான் முதல்முறை வந்தாரா? கேட்க நேரமில்லை.